வன்னி வெயிலில் செடியின் மின் சமிக்ஞை: எந்த ஜெல் மின்வாய் எதற்குச் சரி?

செடியின் மின் சமிக்ஞையை அளக்க, இலைக்கும் மின்வாய்க்கும் இடையில் ஈரமான ஜெல் துளி ஒன்று வைக்கிறோம். ஓகஸ்ட் மாதம், சோளகம் அடிக்கிற நடுப்பகல். கச்சான் இலையில் வைத்த 10 மைக்ரோலீற்றர் ஏகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்) துளி ஒரு மணித்தியாலங்கூட ஒழுங்காகத் தாங்காது. துளி பாதியாகச் சுருங்கும்போது போவது தண்ணீர் மட்டும். உப்பு அப்படியே கிடக்கும். குளோரைட்டின் செறிவு இரட்டிப்பாகிவிடும். வெள்ளி–வெள்ளிக் குளோரைட்டு மின்வாய் அந்தச் செறிவைப் பின்பற்றுகிற சாமான்: 35 பாகை செல்சியசில் செறிவு பத்து மடங்கானால் அதன் அழுத்தம் 61 மில்லிவோல்ற்று நகரும், இரட்டிப்பானால் சுமார் 18. மாட்டேற்று மின்வாயின் (ஒப்பிட்டு அளப்பதற்காக வைக்கும் மின்வாய்) துளி நிழலில் ஈரமாக இருந்து, இலைத் துளி மட்டும் காய்ந்தால், திரையில் 18 மில்லிவோல்ற்று ஆறுதலாக ஏறும் அல்லது இறங்கும். இலையின் நுனியைச் சுட்டால் வருகிற மெதுவலையும் (காயத்திலிருந்து மெதுவாகப் பரவும் மின் மாற்றம்) பத்து, இருபது மில்லிவோல்ற்றுக் கணக்கில்தான் தெரியும். செடிக்கு எதுவுமே நடக்கவில்லை. துளி காய்ந்தது, அவ்வளவுதான்.

ஆகவே கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஜெல் தெரிவு செய்கிறவர் முதலில் கேட்க வேண்டியது "எது நன்றாக மின் கடத்தும்?" என்பதல்ல. எத்தனை மணித்தியாலம் பதியப் போகிறோம், இலை மழமழப்பா மயிருள்ளதா, மாரியா சோளகமா என்பவைதான் கேள்விகள். குளிரூட்டிய ஆய்வுகூடத்துக்கு எழுதிய செய்முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் முதல் பின்னேரமே பிழையாகிவிடும்.

உப்பைக் கூட்டினால் சமிக்ஞை கூடுமா?

கூடாது. இந்த மயக்கத்தால்தான் கனபேர் ஈசிஜி ஜெல்லையும் கடுமையான உப்புக் கரைசலையும் தேடிப் போகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மில்லிமோலர் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலின் கடத்துதிறன் 25 பாகையில் சென்றிமீற்றருக்கு 1.41 மில்லிசீமன்ஸ். 3 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் உயரமும் உள்ள துளியின் தடை அப்போது ஏறத்தாழ 2 கிலோஓம். அதன் கீழே இருக்கிற இலையின் மெழுகுத் தோலின் தடை மெகாஓம் கணக்கு. உப்பைப் பத்து மடங்காக்கினால் 2 கிலோஓம் 200 ஓம் ஆகும். மெகாஓம் அப்படியே இருக்கும். கிடைத்த இலாபம் எதுவுமில்லை. மறுபக்கம், உப்பு கூடிய துளி இலைவாய்களுக்குக் கிட்ட உள்ள கலங்களின் தண்ணீரை இழுக்கும், பொற்றாசியம் கூடினால் அந்தக் கலங்களின் மென்சவ்வழுத்தமே (மென்சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான மின்னழுத்தம்) மாறும், வெள்ளிக் குளோரைட்டும் கடும் குளோரைட்டுக் கரைசலில் கூடுதலாகக் கரைந்து வெள்ளி அயனை இலைப் பக்கம் விடும். நாங்கள் அளக்க வந்த பொருளையே குழப்பிவிட்டு அளப்பது போலாகும்.

இதற்காக உப்பே இல்லாத ஜெல்லுக்கும் போக முடியாது. பாமசியில் "ஜெல்" என்று கேட்டால் சில நேரம் கையில் தருவது ஸ்கான் எடுக்கப் பூசுகிற ஜெல். அது ஒலிக்கு வழிவிடச் செய்தது, குளோரைட்டை நம்பி அதில் மின்வாயை வைக்க முடியாது. வெள்ளிக் குளோரைட்டு நிலையாக நிற்க அறிந்த அளவு குளோரைட்டு வேண்டும்.

ஏகார்: பழசு, மலிவு, பெரும்பாலும் போதும்

தெரிவு செய்யத் தடுமாறுகிறவர் ஏகாரில் தொடங்கலாம். 100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீருக்கு 75 மில்லிகிராம் பொற்றாசியம் குளோரைட்டு, 0.5 கிராம் ஏகார். இலை மின் பதிவில் பரவலாக எடுக்கும் அளவு இதுதான். வீட்டுத் தராசில் 75 மில்லிகிராம் நிறுக்க முடியாது. 7.5 கிராமை ஒரு லீற்றரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் 10 மில்லிலீற்றரை எடுத்து 100 ஆக்கினால் சரி.

மூலப்பொருளில் மூன்று இடத்தில் வழுக்கும். கமக்காரரிடம் இருக்கிற எம்ஓபி உரமும் பொற்றாசியம் குளோரைட்டுத்தான், ஆனால் அதில் கறியுப்பும் இரும்பும் கலந்திருக்கும். பாடசாலை ஆய்வுகூடப் போத்தலில் உள்ளதை எடுங்கள். கடையில் "சைனாகிராஸ்" என்று விற்கிற கீற்றுகளும் ஏகார்தான், அவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று தரம் ஊறவைத்துப் பிழிந்து உப்பைப் போக்கினால் பாவிக்கலாம். சீனி கலந்த ஜெலித் தூள் வேண்டாம். தண்ணீர் கிணற்றுத் தண்ணீராக இருக்கக்கூடாது. கேத்திலில் வெள்ளைப் படிவு விடுகிற தண்ணீரால் 10 மில்லிமோலர் என்ற கணக்கே பொய்யாகும். கராச்சில் விற்கிற பற்றரித் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் அமிலம் கலந்த போத்தலை மாறி வாங்கிவிடாதீர்கள்.

ஏகார் 85 பாகைக்கு மேல் உருகி, 32 முதல் 40 பாகைக்குள் உறையும். இங்கே பங்குனி, சித்திரை நடுப்பகலில் அறை வெப்பநிலையே 33, 34க்குப் போகும். செய்முறையில் "உடனே உறையும்" என்று எழுதியிருந்தாலும் துளி கூழாகவே நின்று வழியும். காலை எட்டு மணிக்கு முன் வைத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. பின்னேரம்தான் வைக்க முடியும் என்றால் ஏகாரை 0.7 சதவீதம் வரை கூட்டலாம். அதற்கு மேல் போனால் துளி விறைத்து, இலை அசையும்போது விளிம்பு கிளம்பும்.

காய்வதற்கு மருந்து, துளியைப் பெரிதாக்குவதல்ல. பெரிய துளி இலையைச் சாய்க்கும். ஆய்வுகூடப் பிப்பெற்றின் மஞ்சள் நிற 200 மைக்ரோலீற்றர் நுனியை எடுத்து, வாய் 2 மில்லிமீற்றர் வருமாறு அலகால் நேராக வெட்டுங்கள். 1.5 சதவீத ஏகாரை, அதே 10 மில்லிமோலர் உப்போடு, 60 பாகை அளவில் அதற்குள் உறிஞ்சி ஆறவிடுங்கள். குளோரைட்டேற்றிய வெள்ளிக் கம்பியை அகன்ற பக்கத்தால் இறக்கி, வாயிலிருந்து ஒரு சென்றிமீற்றர் மேலே நிறுத்தி, பின்பக்கத்தை மெழுகால் அடைத்துவிடுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: ஒடுங்கிய பக்கத்தில் கடுகளவு காற்றுக் குமிழி இருந்தாலும் சுற்று அறுந்தது போலத்தான். இந்த நுனியின் தடை சில பத்துக் கிலோஓம், மெழுகுத் தோலோடு பார்த்தால் அற்பம். இலையில் 0.5 சதவீத ஏகார் சிறு பொட்டு வைத்து, அதன்மேல் நுனியை இறக்கி, சுற்றிவர வசிலின் வளையம் பூசினால் காற்றுப் படுகிற இடம் அநேகமாக இல்லாமல் போகும். ஒரு பகல் முழுக்க இதில் பதியலாம். நுனியைத் தாங்க கனமான இடுக்கி தேவையில்லை. பனை ஈர்க்கு ஒன்றும் சட்டி விளிம்பில் ஒட்டிய களிமண் உருண்டையும் போதும்.

இடையில் ஈரம் சேர்ப்பதென்றால் 2, 3 மைக்ரோலீற்றர் காய்ச்சி வடித்த நீர் மட்டும் விடுங்கள். உப்புக் கரைசல் விட்டால் ஒவ்வொரு தரமும் செறிவு ஏறிக்கொண்டே போகும். விட்ட நேரத்தைக் குறித்து வையுங்கள், பதிவில் அந்த இடத்தில் ஒரு படி தெரியும்.

நீர் போகாமல் கிளிசரீன் கலப்பதும் ஒரு வழி. 10 சதவீதம் சேர்த்தால் துளி நீண்ட நேரம் மெதுமையாக இருக்கும். ஆனால் கிளிசரீன் இலையிலிருந்தும் தண்ணீர் இழுக்கும், எறும்பையும் கூப்பிடும். இரவுப் பதிவில் எறும்பு வரிசை கம்பி வழியே ஏறினால் காலையில் பார்க்கும் கோட்டுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க முடியாது.

மயிருள்ள இலைக்கு வெப்ப ஜெல்

கத்தரி இலையை வில்லையின் கீழ் பார்த்தால் நட்சத்திர வடிவ மயிர்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும். உறைந்த ஜெல் அந்த மயிர்களின் மேல் பாய் விரித்த மாதிரிக் கிடக்கும், கீழே தோல் வரை போகாது. இந்த இடத்தில் ஏகாரும் ஈசிஜி ஒட்டும் தோற்றுப் போகும். மயிரை மழிக்கலாம், ஆனால் மழித்தால் காயம், காயமென்றால் காய சமிக்ஞை.

குளிரில் தண்ணீராகவும் வெப்பத்தில் ஜெல்லாகவும் மாறுகிற பொருள் இதற்கென்றே வந்தது. 2021 இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் மயிருள்ள செடிகளுக்கு இவ்வகை ஜெல் மின்வாயை வெளியிட்டார்கள். நாங்கள் கையாளக் கூடியது புளுரோனிக் எஃப்-127. 20 கிராம் தூளை, குளிரவைத்த 80 மில்லிலீற்றர் 10 மில்லிமோலர் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் தூவி, பிரிட்ஜில் 4 பாகையில் ஓர் இரவு விடுங்கள். சூடாக்கிக் கரைக்க வெளிக்கிட்டால் கட்டியாகிவிடும். நுரை அடங்கியபின் தெளிந்த பாணி மாதிரி இருக்கும். இலையில் விட்டால் மயிர்களுக்கிடையில் இறங்கி, 30 பாகையில் சில விநாடியில் உறைந்துவிடும். கழற்ற, குளிர்ந்த தண்ணீர் தெளித்தால் கரைந்தோடும், மயிர் ஒன்றும் பிடுங்குப்படாது.

வன்னி வெயில் உதவி செய்கிற ஒரே ஜெல் இது. ஆனால் அந்த வெயிலே பிப்பெற்று நுனிக்குள்ளும் அதை உறைய வைக்கும். பனிக்கட்டிப் பெட்டியில் போத்தலை மட்டுமல்ல, நுனிகளையும் வைத்திருந்து ஒவ்வொரு துளிக்கும் புதிது எடுக்க வேண்டும். குளிர்ந்த துளியே செடிக்கு ஒரு தூண்டல் என்பதையும் மறக்க வேண்டாம்: தொட்டாற்சுருங்கியில் பனித்தண்ணீர் துளி ஒன்றே தாக்க அழுத்தத்தை (தூண்டலுக்குச் செடியில் ஓடும் விரைவான மின் துடிப்பு) கிளப்பும். வைத்தபின் அரை மணித்தியாலம் சும்மா விடுங்கள். மாரியில் வெளியே பாவிக்க இது உதவாது, பனியும் தூறலும் கரைத்துவிடும். காய்ந்தால் வெள்ளைப் படலமாகும். அது ஒரு சவர்க்கார இனப் பொருள் என்பதால் ஒரே இடத்தில் நாட்கணக்கில் விடுவதும் நல்லதல்ல. விலையும் ஏகாரைப் போல அல்ல, வெளியிலிருந்து எடுப்பிக்க வேண்டும். மயிரில்லாத செடிக்கு இதை வாங்குவது வீண் செலவு.

ஈசிஜி ஒட்டு, பீவிஏ, ஊசி

ஈசிஜி ஒட்டு எல்லா இடமும் கிடைக்கும், வெள்ளிக் குளோரைட்டும் ஜெல்லும் கூடவே வரும். வாழைத் தண்டு, பப்பாசித் தண்டு, பூசணிக் காம்பு போன்ற தடித்த, மயிர் குறைந்த இடத்தில் ஒரு மணித்தியாலச் செய்முறைக்கு அது வசதி. இலையில் ஒட்டக்கூடாது. உலோகப் பொத்தானின் பாரம் இலையை மடக்கும், கழற்றும்போது பசை மெழுகையும் உரித்துக்கொண்டு வரும், உரித்த இடம் மறுநாள் கபில நிறமாகும். அதன் ஜெல்லில் உப்பும் கூட. பொதி உடைத்த ஒட்டுகளைச் சிப் பையில் வைத்தாலும் சில நாளில் ஜெல் தோலாகிவிடும். விரலால் தொட்டால் ஒட்டாத ஒட்டை எறிந்துவிடுங்கள்.

பீவிஏ (பொலிவைனைல் அற்ககோல்) ஜெல் நாலைந்து நாள் பதிவுக்கு ஆசை காட்டும். 10 சதவீதக் கரைசலை 90 பாகையில் கரைத்து, குளிர்ப்பெட்டியில் 12 மணித்தியாலம் உறையவைத்து, வெளியே எடுத்து இளகவைத்து, இப்படி மூன்று சுற்று. இடையில் கரண்ட் போய் உறைதல் பாதியில் நின்றால் அந்தச் சுற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். முழுக்க நீர்ப்பகுத்த, 98 சதவீதத்துக்கு மேற்பட்ட வகைத் தூள் வேண்டும். ஒட்டுப்பசைக்கு விற்கிற 88 சதவீத வகையில் கட்டிப்படாத களிதான் வரும். கிடைக்கிற ஜெல் இறப்பர் போல் உறுதியானது, 4 மில்லிமீற்றர் வட்டமாக வெட்டலாம். ஆனால் தானாக ஒட்டாது, இடுக்கி வேண்டும், இடுக்கியின் அழுத்தம் இளம் இலையை நசுக்கும். சமதளமான முற்றிய இலைக்கு மட்டும் சரி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வயலில், சோளகத்தில், மூன்று நாளைக்கு மேல் பதிவதென்றால் எந்த ஜெல்லையும் நம்ப முடியாது. தண்டில் மெல்லிய ஊசி மின்வாய் குத்துவதுதான் வழி. உள்ளே எப்போதும் ஈரம் இருக்கும். விலை: குத்திய காயம் ஆற ஒரு நாளாவது காத்திருக்க வேண்டும், துருப்பிடிக்காத உருக்கு ஊசியின் அடிக்கோடு பத்துக்கணக்கான மில்லிவோல்ற்று அலையும். மெதுவலையின் உயரத்தை அதில் அளக்கக் கூடாது. சமிக்ஞை வந்ததா இல்லையா என்று மட்டும் பார்க்கலாம்.

கல்சியம் அல்ஜினேற்றுப் பற்றி ஒரு வரி: செய்வது எளிது, ஆனால் கல்சியம் அயன் செடியின் சமிக்ஞையிலேயே பங்கெடுக்கிறது. வேண்டாம்.

ஜெல்லைக் குற்றம் சொல்லுமுன்

பாதிப் பிழை ஜெல்லில் இருக்காது. வெள்ளிக் கம்பி தனி வெள்ளியாக வேண்டும். பத்தரிடம் அரை மில்லிமீற்றர் கம்பி இழுப்பிக்கலாம், நகை வெள்ளியில் செம்பு கலந்திருப்பதால் அடிக்கோடு அலையும் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். மெல்லிய அரத்தாளால் தேய்த்து, துணி வெளுக்கும் திரவத்தில் 20, 30 நிமிடம், சாம்பல் கலந்த ஊதா நிறம் ஒரே சீராக வரும்வரை விடுங்கள். பின் நன்றாகக் கழுவுங்கள். இரண்டு கம்பியையும் ஒரே 10 மில்லிமோலர் கரைசலில் நிறுத்தினால் வித்தியாசம் 1, 2 மில்லிவோல்ற்றுக்குள் நின்று அசையாமல் இருக்க வேண்டும். நிற்காவிட்டால் மறுபடி தேய்த்துத் தொடங்குங்கள், அந்தச் சோடியோடு செடிக்குப் போகாதீர்கள். வெள்ளிக் குளோரைட்டு ஒளிக்கு மாறுகிற பொருள், முகில் விலகி வெயில் பட்டாலே கோடு துள்ளும். நுனியைக் கறுப்பு நாடாவால் சுற்றுங்கள்.

மாட்டேற்று மின்வாயை மண்ணில் செருகினால், தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் பதிவு குதிக்கும். அதே செடியின் தூரத்து இலையில், அதே ஜெல்லில், அதே அளவு நிழலில் வையுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் காய்ந்தால் அந்த 18 மில்லிவோல்ற்றில் பெரும்பகுதி ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

விரியலாக்கியின் (சமிக்ஞையைப் பெருக்கும் கருவி) உள்ளீட்டுத் தடை குறைந்தது ஒரு கிகாஓம் இருக்க வேண்டும். கடையில் ஈசிஜிக்கென்று விற்கிற ஏடி8232 பலகை 0.5 ஹேர்ட்சுக்குக் கீழ் உள்ளதை வெட்டிவிடும், செடியின் சமிக்ஞை அநேகமாக முழுவதும் அங்கேதான் இருக்கிறது. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 சில்லை நேரே மின்வாயில் தொடுத்தாலும் பிழை: உச்சப் பெருக்கத்தில் அதன் உள்ளீட்டுத் தடை ஒரு மெகாஓமுக்கும் குறைவு, சமிக்ஞையின் பாதியை அதுவே விழுங்கும். முன்னால் எல்எம்சி6482 போன்ற தாங்கி (உள்ளீட்டுத் தடை மிகக் கூடிய சில்லு) ஒன்று வையுங்கள்.

இன்னொரு கண்ணி நுணுக்கமானது. விநாடிக்கு 10 மாதிரி போதும் என்று எடுத்தால், 50 ஹேர்ட்ஸ் மின்சார இரைச்சல் மடிந்து பூச்சியத்துக்குப் பக்கத்தில் விழும். மின் விநியோகம் 49.9 ஹேர்ட்ஸாக ஓடுகிற நேரம் அது 10 விநாடிக்கொரு அலையாகத் தெரியும், பார்க்கச் செடியின் சமிக்ஞை போலவே இருக்கும். விநாடிக்கு 200 எடுத்து, இருபது இருபதாகச் சராசரி எடுங்கள். இருபது மாதிரி என்பது 100 மில்லிசெக்கன், ஐந்து முழுச் சுற்று, இரைச்சல் தானாகக் கழிந்துபோகும். லப்டொப்பைப் பற்றரியில் ஓடவிட்டு, செடியைக் கோழிக்கூட்டு வலையால் மூடி, வலையை விரியலாக்கியின் பூமியோடு தொடுத்தால் மிச்சமும் அடங்கும். அறிவியல்நகரில் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. செடி தெரிந்த ஒருவரும் சுற்றுத் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால் இந்தப் பகுதி ஒரு சனிக்கிழமை வேலை.

கடைசியில், வந்தது செடியின் சமிக்ஞைதானா? குளக்கட்டோரம் கிடைக்கிற தொட்டாற்சுருங்கியை மண்ணோடு கிண்டிச் சட்டியில் வைத்து, மறுபடி சுறுசுறுப்பாகச் சுருங்கத் தொடங்கும்வரை சில நாள் விடுங்கள். காம்பில் 30 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு மின்வாய், மூன்றாவது மாட்டேற்று மின்வாயாகத் தண்டில். கம்பிகளைத் தளர்வான வளையமாக விடுங்கள், இலை மடங்கும்போது இழுபடக்கூடாது. நுனிச் சிற்றிலையில் பனித்தண்ணீர் ஒரு துளி. தாக்க அழுத்தம் அங்கே விநாடிக்கு 20, 30 மில்லிமீற்றர் ஓடும், எனவே இரண்டாவது மின்வாயில் ஒன்று, ஒன்றரை விநாடி பிந்தி வர வேண்டும். இரண்டிலும் ஒரே கணத்தில் வந்தால் கம்பி ஆடியது, அல்லது யாரோ மேசையைத் தொட்டிருக்கிறார். மறுபடி தூண்டுமுன் இலை முழுக்க விரிய 20 நிமிடமாவது விடுங்கள். அதற்குள் துளியின் விளிம்பை வில்லையால் ஒருக்கால் பாருங்கள்: இலையிலிருந்து மயிரிழை அளவு கிளம்பியிருந்தால் அடுத்த தூண்டலுக்கு முன் புதுத் துளி வைக்க வேண்டும்.